சனிக்கிழமை எண்ணெயும் தூத்துக்குடித் தொட்டியும்

கோச்சடை, மதுரை-16
மாசி மாதம், சனிக்கிழமை

அன்பு மகன் அழகுபாண்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். அயர்லாந்துக் குளிரில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாய் என்று நினைத்துக்கொண்டே இதைத் தொடங்குகிறேன். இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக அப்பாவுக்கு எண்ணெய் காய்ச்சினேன். சனிக்கிழமை அல்லவா. இரும்புக் கரண்டியில் நல்லெண்ணெய் ஊற்றி நாலு மிளகும் கொஞ்சம் சீரகமும் போட்டு, பொரிகிற சத்தம் வந்ததும் இறக்க வேண்டும், இருபத்தைந்து வருடமாகச் செய்கிற வேலைதான், இன்று அந்த வாசனை எழுந்ததும் இறக்கத் தோன்றாமல் அப்படியே நின்றுவிட்டேன். சீரகம் கருகிவிட்டது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்து, "என்ன செல்வி, எண்ணெய் காயுதா, நீ காயுறியா" என்று கேட்டார். சிரித்து மழுப்பிவிட்டு வேறு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தேன். அவர் குளித்துச் சாப்பிட்டுக் கடைக்குப் போன பிறகு உன் பழைய பரீட்சை அட்டையைத் தேடி எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் முகம் தெரிந்ததும் என் வாயில் நல்ல செய்தி மட்டும்தான் வருகிறது பாண்டி. தாளில் எழுதினால் அது குறையுமா என்று பார்க்கிறேன்.

வீட்டு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வெயில் இப்போதே ஏறிவிட்டதால் கோரிப்பாளையம் கடைக்குக் கருகின மோட்டார்கள் வர ஆரம்பித்துவிட்டன, அப்பாவும் கடைப் பையன் முத்திருளனும் இருட்டும் வரை செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அப்பாவின் முதுகு பழையபடிதான், பெல்ட் போடச் சொன்னால் அதை மோட்டாருக்குப் போடு என்கிறார். நான் வக்கீல் ஆபீசுக்கு ஒழுங்காகப் போய் வருகிறேன், கண்ணாடியின் பவர் மட்டும் கூடியிருக்கிறது. செக்கானூரணியிலிருந்து உன் ராமக்காள் அத்தை பேத்திக்குக் காதுகுத்து என்று பத்திரிகை வைக்க வந்திருந்தார். நாளை ஞாயிற்றுக்கிழமை விசேஷம். வந்தவரிடம் அப்பா பத்திரிகையைக்கூடப் பிரித்துப் பார்க்காமல் தூத்துக்குடி கதையை ஆரம்பித்துவிட்டார். மகன் வெளிநாட்டிலிருந்தே பதிவு செய்து கொடுத்ததும், காட்டேஜின் பின்பக்கம் வெந்நீர் நிறைந்த தொட்டி இருந்ததும், கழுத்து வரை தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு துறைமுகத்தில் கப்பல் நிற்பதைப் பார்த்ததும், எல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அத்தை விடுவாரா, "கடலுக்குப் பக்கத்துல கூட்டிட்டுப் போயி அண்டாவுக்குள்ள உக்கார வச்சிருக்கான் பாரு எம் மருமயன், அம்புட்டுத் தூரம் எதுக்கு, எங்க வீட்டு நெல்லு அண்டாவ எறக்கிக் குடுத்திருப்பேனே" என்றார். அப்பா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் காப்பி போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். அந்தக் கதையில் அப்பாவுக்குத் தெரியாத ஒரு பாதியும் உனக்குத் தெரியாத ஒரு பாதியும் இருக்கின்றன. இரண்டும் என்னிடம்தான் இருக்கின்றன.

எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு நீ அனுப்பிய பரிசு அது. மூன்று வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தோம். உப்பளங்களைத் தாண்டி, கடலைப் பார்த்த மாதிரி ஆறு காட்டேஜ்கள். எல்லாவற்றையும் பெருக்கித் துடைத்து, தொட்டிகளைக் கழுவி நிரப்பி, விருந்தாளிகளைப் பார்த்துக்கொள்வது செல்லத்தாய் என்ற ஒரு பெண். என்னைவிட ஐந்தாறு வயது சிறியவளாக இருப்பாள். காட்டேஜ்களுக்குப் பின்னால் ஓர் அறையில் பத்தாவது படிக்கிற மகளோடு இருக்கிறாள், அந்த அறையும் வேலையோடு சேர்ந்தது. வந்த பத்து நிமிடத்தில் என்னை எக்கா என்று கூப்பிட்டு, அப்பாவுக்கு முதுகு வலி என்று தெரிந்ததும், "அண்ணாச்சிய இந்தத் தொட்டில ரெண்டு நாளு போட்டு வையுங்க, மூணா நாளு ஓடிருவாவ" என்றாள். தொட்டிக்கு மேலே சுவரில் ஒரு பலகை இருந்தது. குளித்துவிட்டு இறங்கவும், எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அப்பா அதைப் படிக்கவில்லை. நான் படித்தேன். பட்டம் வாங்கிய, தினமும் கோர்ட்டுக் காகிதங்களை வரி வரியாகச் சரிபார்க்கிற நான், நிதானமாகக் கடைசி வரி வரைக்கும் படித்தேன். அப்படியும் மறுநாள் காலை நடந்தது நடந்தது.

மறுநாள் சனிக்கிழமை. அப்பா எந்த ஊரில் இருந்தாலும் சனிக்கிழமை எண்ணெயை விட்டதில்லை என்பது உனக்குத் தெரியும், அதனால் பெட்டியிலேயே எண்ணெய்ப் புட்டியையும் சீயக்காய்த்தூள் டப்பாவையும் எடுத்துப் போயிருந்தேன். அங்கே குளியலறையில் வெந்நீர் நூலாகத்தான் வந்தது. வெளியே பார்த்தால் இவ்வளவு பெரிய தொட்டியில் ஆவி பறக்க வெந்நீர் சும்மா கிடக்கிறது. நம் வீட்டில் ஒரு வாளி வெந்நீருக்கு ஹீட்டரைப் போட்டுவிட்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவள் நான். பலகை நினைவுக்கு வந்தது. அது வெள்ளைக்காரர்கள் வெயிலுக்குப் பூசிக்கொள்ளும் எண்ணெயைச் சொல்கிறது, நல்லெண்ணெய் அந்தக் கணக்கில் வராது என்று மனதுக்குள் ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அப்பாகூட ஒரு தடவை யோசித்தார், "இதுக்குள்ளயா, ஏதும் சொல்லுவாகளா" என்று கேட்டார். நான்தான், "ஏங்க, இம்புட்டு வெந்நி எந்த ஊர்ல கெடைக்கும், எறங்குங்க" என்று சொல்லி, உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்து, கை நிறையச் சீயக்காயைக் குழைத்துக் கொடுத்து இறக்கிவிட்டேன். பிறகு நானும் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு இறங்கினேன். பாண்டி, அந்த அரை மணி நேரத்தை நான் உனக்குச் சொல்லவே இல்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டு, "செல்வி, முதுகுல இருந்த ஆளு எறங்கிப் போயிட்டான்" என்றார். கல்யாணமான புதிதில் பேசியது போலப் பேசிக்கொண்டிருந்தோம். நீ பிறந்த அன்று பெரிய ஆஸ்பத்திரி வாசலில் செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு உன்னைப் பார்க்க ஓடி வந்ததை இத்தனை வருடம் கழித்துச் சொன்னார். நம் பிள்ளை நம்மை எவ்வளவு உயரத்தில் கொண்டு வந்து வைத்திருக்கிறான் என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அப்புறம்தான் அவர் தொட்டி விளிம்பில் இருந்த ஒரு பொத்தானை அழுத்தினார். சுற்றியிருந்த ஓட்டைகளிலிருந்து தண்ணீர் பீறிட்டது. சீயக்காய் நுரை பொங்கி எங்கள் கழுத்தைத் தாண்டி, விளிம்பைத் தாண்டி, மூங்கில் தட்டி வரைக்கும் போனது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் குட்டைத் தண்ணீர் நிறமாகிவிட்டது. கர் கர் என்று ஒரு சத்தம், பிறகு மோட்டார் நின்றுவிட்டது. அப்பா அதற்கும் தொட்டிக்குள் உட்கார்ந்தபடியே, "வடிகட்டி அடைச்சிருச்சு, நம்மூரு மோட்டாரு சேத்தையே குடிக்கும், இது சீயக்காய்க்கே செத்துப்போச்சு" என்று வேடிக்கை பேசினார்.

செல்லத்தாய் வந்து பார்த்தாள். குனிந்து மோந்தாள். "எக்கா, சீயக்காயா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள், சிரிப்பு தாங்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "போன மாசம் ஒரு குடும்பம் இதுல பிள்ளத் துணிய அலசுனாவ. ஒங்களது தேவல, வாசமாச்சும் இருக்கு. ஓனரம்மா கிட்ட மூச்சு விட்டுறாதீய, சாயங்காலத்துக்குள்ள நான் சரி பண்ணிருதேன்" என்றாள். எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாதி வடிந்த தொட்டிக்குள் இறங்கிப் பிரஷ் போட்டுத் தேய்த்தாள். நானும் தேய்க்கிறேன் என்றதற்கு, எக்கா நீங்க கல்யாண நாளுக்கு வந்திருக்கீய, போங்க என்று விரட்டினாள். அப்பா அந்தக் கோலத்தைப் படம் எடுத்து, நீ பார்த்துச் சிரிப்பாய் என்று உனக்கு அனுப்பிவிட்டு, போனை என் கையில் கொடுத்துவிட்டுத் தலை துவட்ட உள்ளே போனார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, நீ கூப்பிட்டுவிட்டாய். "என்னம்மா இது இவ்ளோ அழுக்கா இருக்கு? இதுலயா உங்கள இறங்கச் சொன்னாங்க?" என்று கேட்டாய். உன் கேள்விக்குள்ளேயே எனக்கு ஒரு பதில் இருந்தது. நான் அதை எடுத்துக்கொண்டேன். ஆமாய்யா, வந்ததுலருந்தே கலங்கலாத்தான் இருந்துச்சு என்று சொன்னேன். செல்லத்தாய் ஆறு அடி தூரத்தில் இருந்தாள். அவள் கைப்பிரஷ் ஒரு கணம் நின்றது, பிறகு மறுபடியும் தேய்த்தது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. உள்ளே போனதும் அப்பா, தம்பி சிரிச்சானா என்று கேட்டார். சிரித்தான் என்றேன். ஊருக்குக் கிளம்பும்போது செல்லத்தாய் பழையபடி பேசி, கருவாடு வேண்டுமென்றால் கேளுங்கள் என்று போன் நம்பரும் எழுதிக் கொடுத்தாள். அதனால் அவள் ஒன்றும் நினைக்கவில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று மூன்று வாரமாக என்னைக் கேட்டுப் பார்க்கிறேன். உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ, கோயம்புத்தூரில் உன் பட்டமளிப்பு விழாவும் ஒரு சனிக்கிழமைதான் வந்தது. அப்பா விடியற்காலையில் தேய்த்துக் குளித்த எண்ணெய் வெயிலில் நெற்றியில் இறங்கி மினுங்கியது. கைக்குட்டையை எடுத்து, துடைச்சுக்கங்கப்பா என்று மெதுவாகத்தான் கொடுத்தாய். பிறகு உன் நண்பர்களோடு படம் எடுக்கும்போது எங்களுக்கு இரண்டு அடி முன்னால் நடந்தாய். அப்பா அதைக் கவனிக்கக்கூட இல்லை, கைக்குட்டையை மடித்துப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். உன்மேல் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை, இருபத்தொரு வயதில் நானும் என் அம்மாவைக் கல்லூரி வாசலோடு அனுப்பியிருக்கிறேன். ஆனால் நீ ஆசையாக அனுப்பி வைத்த இடத்தில், அந்தத் தொட்டியில் போய் எண்ணெய் தேய்த்துக் குளித்தோம் என்று சொன்னால் நீ மறுபடியும் இரண்டு அடி முன்னால் போய்விடுவாயோ என்று பயந்தேன். அந்தப் பயத்தில் எங்கள் தப்பை மறைத்தேன். அதோடு அப்பாவின் முதுகிலிருந்து இறங்கிப் போன ஆளையும், ஆஸ்பத்திரி வாசல் செருப்பையும் சேர்த்து மறைத்துவிட்டேன். நீ கொடுத்த பரிசு எங்களுக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதே உனக்குத் தெரியாமல் போய்விட்டது. தெரிந்ததெல்லாம் அழுக்குத் தண்ணீர்தான்.

அதற்குப் பிறகு நீ செய்தது பெற்றவர்களுக்காக ஒரு பிள்ளை செய்கிறதுதான். இணையத்தில் அந்த இடத்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, என் அம்மா அப்பாவைச் சாக்கடையில் இறக்கினார்கள் என்று எழுதி, அப்பா எடுத்த படத்தையும் சேர்த்துப் போட்டாய். அது எனக்குத் தெரியாது. போன சனிக்கிழமைதான், தவறுக்கு வருந்துகிறோம், பொறுப்பான பணியாளரை நீக்கிவிட்டோம் என்று அந்த ஓனரம்மா போட்டிருந்த பதிலை எனக்கு அனுப்பி, "பாத்தீங்களாம்மா, கேக்க ஆளு இருந்தா பயப்படுறாங்க" என்று எழுதியிருந்தாய். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு கை தெரிகிறது, கண்ணாடி வளையல் போட்ட கை, பிரஷைப் பிடித்திருக்கிறது. எங்கள் அழுக்கைக் கழுவிய கையைக் காட்டித்தான் அவளை அழுக்கென்று சொல்லியிருக்கிறோம்.

நாலு நாள் கையில் போனை வைத்துக்கொண்டு தவித்துவிட்டு, புதன்கிழமை செல்லத்தாயைக் கூப்பிட்டேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "எக்கா, நானாக்கா சீயக்காய் தேச்சேன்?" என்று மட்டும் கேட்டாள். பிறகு அவளே, "நீங்க மவன் கிட்ட சொன்னது எனக்குக் கேட்டுது. பெத்த பிள்ளைகிட்ட ஒரு வெக்கம் இருக்கும்லா, போவட்டும்னு விட்டேன். அது இம்புட்டுத் தூரம் வரும்னு நெனைக்கல" என்றாள். இந்த மாதக் கடைசிக்குள் அறையைக் காலி பண்ணச் சொல்லியிருக்கிறார்களாம். மகளுக்கு அடுத்த மாதம் அரசுப் பரீட்சை, அந்த நேரத்தில் எங்கே போய் அறை தேடுவது என்று அவள் புலம்பக்கூட இல்லை, ஒரு தகவல் மாதிரி சொன்னாள். ஓனரம்மாவிடம் நீ ஏன் உள்ளதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னேனே, வந்தவங்கமேல பழி போடாதேன்னு சொல்லிட்டாவ என்றாள்.

மறுநாள் ஆபீஸ் இடைவேளையில் ஓனரம்மாவைக் கூப்பிட்டேன். மரியாதையாகத்தான் பேசினார். அந்தப் பெண் மேல் தப்பில்லைங்க என்று ஆரம்பித்தேன். அப்போ யார் மேலங்க தப்பு என்று கேட்டார். பக்கத்து மேசையில் இரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, பாவம் பிள்ளைக்காரி என்று என்னவோ உளறினேன். அவர், "உங்களுக்கு நல்ல மனசு மேடம், அவ உங்களுக்குப் போன் பண்ணி அழுதாளா, விருந்தாளிங்க நம்பரை வாங்கி வச்சுக்கிட்டு இப்படித் தொந்தரவு பண்றது வேறயா" என்றார். நான் இல்லை இல்லை என்று சொல்வதற்குள் வைத்துவிட்டார். உதவி செய்யப் போய் அவள்மேல் இன்னொரு பழியையும் ஏற்றிவிட்டு வந்தேன். அன்று மதியம் முழுக்க மனுக்களின் கடைசியில், மேலே சொன்னவை யாவும் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை என்ற வரியைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். எத்தனையோ வருடமாகக் கை தானாக அடிக்கிற வரி. அன்றைக்கு ஒவ்வொரு தடவையும் விரல் தடுக்கியது.

நீ எழுதியதை அழித்துவிட்டால் போதும் என்று முதலில் நினைத்தேன். அழித்தால் எழுத்துதான் போகும், ஓனரம்மா மனதில் செல்லத்தாய் அழுக்குத் தண்ணீர் விட்டவளாகவே இருப்பாள். அதனால் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். அப்பாவுக்கும் தெரியாது, செல்லத்தாய்க்கும் தெரியாது, முதலில் தெரியப் போவது உனக்குத்தான். நாளை விடியற்காலை ஐந்து மணி பஸ்ஸில் மாட்டுத்தாவணியிலிருந்து தூத்துக்குடி போகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஓனரம்மா அங்கேதான் இருப்பார். செல்லத்தாயையும் கூப்பிட்டு நிறுத்தி வைத்துக்கொண்டு, இந்தத் தொட்டியில் எண்ணெயும் சீயக்காயும் தேய்த்துக் குளித்தது நான், பலகையைப் படித்துவிட்டே இறங்கியது நான், என் மகனிடம் பொய் சொன்னதும் நான் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லப் போகிறேன். நம்பாவிட்டால் காட்டுவதற்கு அதே சீயக்காய் டப்பாவைப் பையில் எடுத்து வைத்தாயிற்று. அங்கிருந்தபடியே நீ எழுதியதற்குக் கீழே என் பெயரைப் போட்டு நடந்ததை எழுதுவேன். உன் நண்பர்கள் படிப்பார்கள், சிரிப்பார்கள், உனக்குக் கூச்சமாக இருக்கும். அது தெரிந்துதான் எழுதப் போகிறேன், அதற்கு உன்னிடம் உத்தரவு கேட்கவில்லை, மன்னிப்பு மட்டும் கேட்கிறேன். அப்பா காதுகுத்துக்குப் போக எழுந்திருக்கும்போது நான் இருக்க மாட்டேன். அவருக்கு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எண்ணெய்ப் புட்டிக்கு அடியில் வைத்துவிட்டுப் போவேன். இவ்வளவு நாளும் தம்பி சிரித்தான் என்று நம்பிக்கொண்டிருக்கிற மனிதர், அதைப் படித்தால் என்னிடம் எத்தனை நாள் பேசாமல் இருப்பாரோ தெரியவில்லை. இந்தத் தாள்களைப் பஸ் அருப்புக்கோட்டையைத் தாண்டிய பிறகுதான் படம் எடுத்து உனக்கு அனுப்புவேன். அதற்கு முன்னால் அனுப்பினால் நீ கூப்பிட்டு, வேண்டாம்மா, விடுங்க என்பாய், நானும் இறங்கிவிடுவேன்.

மீனாட்சியம்மாளும் நம் குலசாமியும் உன் பக்கத்திலேயே இருந்து உன்னைக் காக்கட்டும். நீ நன்றாக இருப்பாய், நிறைய நாள் இருப்பாய், உன் கையால் பல பேர் நன்றாக இருப்பார்கள். குளிருக்குக் காதை மூடிக்கொள், எண்ணெய் வைக்காமல் தலையைக் காயவிடாதே. நாளை ராத்திரி அப்பாவுக்குப் போன் பண்ணு. தொட்டியைப் பற்றி அவரிடமே கேள். நுரை மூங்கில் தட்டி வரை போனதை அவர் சொல்லுகிற மாதிரி என்னால் சொல்ல முடியாது. கேட்டுச் சிரி பாண்டி, நீ சிரித்தாய் என்று நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
நாளைக்கு அங்கேயும் இதே பெயரை எழுதப் போகிற உன் அம்மா,
மருது தமிழ்ச்செல்வி